சோபாவுக்குப் பின்னால் ஒரு சுவர்: வால்பேப்பரா, பெயின்டா, ஸ்டிக்கரா?

எங்கள் ஹாலில் சோபா போட்டிருக்கும் சுவர் 12 அடி அகலம், ஒன்பதரை அடி உயரம். வீடு வாங்கியபோது அடித்த வெளிர் மஞ்சளோடுதான் வெகுநாள் இருந்தது. தலை சாய்க்கும் உயரத்தில் மூன்று எண்ணெய்க் கறைகள். யார் எந்த ஓரத்தில் உட்கார்ந்து டிவி பார்க்கிறார்கள் என்று அதை வைத்தே சொல்லிவிடலாம். இரண்டு வருடத்துக்கு முன்பு தை மாதம் அந்தச் சுவருக்கு ஏதாவது செய்வது என்று முடிவானது. என்ன செய்வது என்பதில்தான் ஆளுக்கொரு கட்சி. நல்ல பெயின்ட் அடித்தால் போதும் என்றாள் மனைவி. மகளுக்கு ஆன்லைனில் வரும் ஸ்டிக்கர் ஷீட் மேல் கண். எனக்கு வால்பேப்பர் ஆசை. ஆனால் வாய்விட்டுச் சொல்லத் தயக்கம், ஏற்கெனவே ஒரு முறை சூடு பட்டவன் நான்.

நான்கு வருடத்துக்கு முன்பு படுக்கையறையின் வடக்குச் சுவருக்கு வினைல் வால்பேப்பர் ஒட்டினோம். ஆவணி மாதம். கடையில் கேட்லாக்கைப் புரட்டி டிசைனைக் காட்டினோம், மறுநாள் ஆள் வந்து மூன்று மணி நேரத்தில் ஒட்டிவிட்டுப் போனார். சுவரை அவரும் தட்டிப் பார்க்கவில்லை, நாங்களும் பார்க்கவில்லை. ஐப்பசி மழை பிடித்தது. கார்த்திகையில் அறைக்குள் நனைந்த துணி மூட்டையின் வாடை. மார்கழியில் இணைப்புகள் வாய் பிளந்தன. ஒரு ஓரத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். பின்பக்கம் முழுக்க மிளகுத் தூள் தூவியது போலக் கறுப்புப் புள்ளிகள்.

கடைக்காரர் பசையைக் குறை சொன்னார், ஒட்டியவர் பேப்பரைக் குறை சொன்னார். யோசித்துப் பார்த்தால் தப்பு இரண்டிலும் இல்லை, சுவரில். வடக்குச் சுவர் வெளிச்சுவர். சென்னையில் வடகிழக்குப் பருவமழை அடிப்பது அந்தப் பக்கம்தான், மழை விட்ட பிறகு காயவைக்க வெயிலும் அங்கே நன்றாக விழாது. மெல்லிய விரிசல் வழியாக உள்ளே இறங்கும் ஈரம், சாதாரண பெயின்ட் அடித்த சுவராக இருந்தால் அறைப் பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிவிடும். வினைல் என்பது பிளாஸ்டிக் படலம். அதை முழுச் சுவருக்கும் ஒட்டினால் ஈரம் போகும் வழியை அடைத்த மாதிரி. போதாக்குறைக்கு அந்த அறையில் ஏசி. வெளியிலிருந்து சுவர் வழியாக வரும் ஈரக்காற்று, உள்ளே குளிர்ந்திருக்கும் வினைலின் முதுகில் பட்டு நீராகிறது. பூஞ்சைக்கு வேண்டிய தண்ணீர் கிடைத்துவிட்டது, சாப்பாட்டுக்குப் பசை இருக்கவே இருக்கிறது. அமெரிக்காவில் ஃபுளோரிடா போன்ற புழுக்கமான இடங்களில், ஏசி போட்ட ஓட்டல் அறைகளின் வினைல் வால்பேப்பருக்குப் பின்னால் பூஞ்சை பிடிப்பது கட்டட நிபுணர்களுக்குப் பழகிப்போன பிரச்சினை. நம் கடற்கரை ஊர்களுக்கும் அதே புழுக்கம்தானே.

அதனால் இந்த முறை கேட்லாக்கைத் தொடுவதற்கு முன்பே சுவரைப் பார்த்தேன். ஒரு அடிக்கு ஒரு அடி பாலித்தீன் கவரை வெட்டி, நான்கு ஓரமும் காற்றுப் போகாமல் டேப் போட்டு, சுவரில் இரண்டு இடங்களில் ஒட்டி, இரண்டு நாள் விட்டுவிட வேண்டும். பிறகு எடுத்துப் பார்த்தால் கவரின் சுவர்ப் பக்கம் நீர் முத்து கட்டியிருந்தால் சுவருக்குள் ஓதம் இருக்கிறது. அறைப் பக்கம் கட்டியிருந்தால் அது அறைக் காற்றின் ஈரம். ஹால் சுவரில் இரண்டு பக்கமும் காய்ந்தே இருந்தது. வெளிச்சுவர் இல்லை, ஹாலுக்கும் படுக்கையறைக்கும் நடுவில் நிற்கும் தடுப்புச் சுவர், பின்னால் பாத்ரூமும் இல்லை. பழைய வடக்குச் சுவரிலும் ஒரு ஆசைக்கு ஒட்டிப் பார்த்தேன். மழை முடிந்து ஒரு மாதம் ஆகியும் உள்பக்கம் வியர்த்திருந்தது.

அடுத்தது பெயின்ட் பிடிப்பு. உள்ளங்கையால் தேய்த்தால் மாவு போல வந்தால் அது டிஸ்டெம்பர் அல்லது சுண்ணாம்பு, அதன் மேல் எதையும் ஒட்டக் கூடாது. செல்லோ டேப்பை அழுத்தி ஒட்டிச் சட்டென்று உரித்துப் பார்த்தால் பெயின்ட் செதில் கூடவே வருகிறதா என்று தெரியும். வந்தால் சுரண்டி, பட்டி பார்த்து, பிரைமர் அடித்துத்தான் மேலே போக வேண்டும். புதிதாகப் பூசிய சுவர் என்றால் அவசரமே கூடாது. சிமென்ட் பூச்சு நன்றாகக் காய ஒரு மாதமாவது விடுங்கள், கூடுதலாக விட்டால் இன்னும் நல்லது.

சரி, சுவர் தேறிவிட்டது. இப்போது மூன்று கட்சிகளுக்கும் வருவோம்.

பெயின்டின் பலம் அதன் மலிவு மட்டும் இல்லை. எங்கள் சுவர் 114 சதுர அடி. ஒரு லிட்டர் நல்ல எமல்ஷன் இரண்டு கோட்டுக்கு ஏறக்குறைய போதும், ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும். அப்புறம் பெயின்டருக்கு ஒரு நாள் கூலி. மனைவி சொன்னதில் எனக்குப் பிடித்த வாதம் வேறு: "பிடிக்கலைன்னா அடுத்த வாரமே மேல வேற கலர் அடிச்சுக்கலாம்." வால்பேப்பரில் அந்த வசதி கிடையாது. சுவரில் ஈரம் இருந்தாலும் பெயின்ட் மறைக்காமல் கொப்புளம் போட்டு, உப்புப் பூத்துக் காட்டிக்கொடுத்துவிடும். அதனால்தான் வெளிச்சுவர்கள் எல்லாவற்றுக்கும், சமையலறைக்கும், பூஜை விளக்கு எரியும் மூலைக்கும் என் ஓட்டு பெயின்டுக்குத்தான். பெயின்டால் முடியாதது ஒன்றே ஒன்று, டிசைன். ஸ்டென்சில் வைத்து அடிக்கலாம்தான். ஆனால் 114 சதுர அடிக்குச் சோர்வில்லாமல் ஸ்டென்சில் அடிக்கும் பெயின்டரை நான் இன்னும் பார்க்கவில்லை. டெக்ஸ்சர் பெயின்ட் பற்றியும் பேச்சு வந்தது. மேடு பள்ளத்தில் சேரும் தூசியை யார் தட்டுவது என்று கேட்டதோடு அது முடிந்தது. பிவிசி பேனல் பற்றி ஒரு வரி போதும்: சட்டம் அடித்து மாட்டினால் பின்னால் உண்டாகும் இடைவெளியில் பல்லி குடும்பத்தோடு குடியேறும்.

மகளின் ஸ்டிக்கர் ஷீட்டை நான் உடனே தள்ளிவிடவில்லை. 45 சென்டிமீட்டர் அகல ரோல், பின்தாளை உரித்து ஒட்ட வேண்டியதுதான், பசையும் வேண்டாம், ஆளும் வேண்டாம். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இதுதான் வழி என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். ஆனால் உரிக்கும் நாளை நினைத்துப் பாருங்கள். நல்ல எமல்ஷன் மேல் ஒட்டியிருந்தால் ஒருவேளை சுத்தமாக வரும். பிடிப்பில்லாத பழைய பெயின்ட் மேல் ஒட்டியிருந்தால் பட்டியோடு சேர்ந்து பெயர்ந்து வரும். அட்வான்ஸில் பிடிக்கும் தொகை ஸ்டிக்கர் விலையைவிட அதிகமாகிவிடும். இன்னொன்று, ஒட்டும்போதே பசை பிடித்துக்கொள்வதால் நகர்த்திச் சரிசெய்ய இடம் இல்லை. மேலே அரை சென்டிமீட்டர் சாய்ந்தால் கீழே வரும்போது அது நன்றாகவே கண்ணில் படும். சித்திரை வெயிலில் ஓரங்கள் சுருங்கி எழும்பும். பீரோக் கதவு, அலமாரியின் உள்பக்கம், படிக்கும் மேஜை போன்ற வழவழப்பான சின்னப் பரப்புகளுக்கு அது அருமை. மகளின் புத்தக அலமாரிக்கு இரண்டு ரோல் வாங்கிக் கொடுத்துச் சமாதானம் செய்தேன்.

இனி வால்பேப்பர். கடைக்குப் போனால் முதலில் நீட்டுவது சுவர் அளவுக்கே அச்சடித்துத் தரும் படங்கள்: அருவி, மூங்கில் காடு, மயில், புத்தர். சதுர அடிக் கணக்கில் விலை. டிசைன் பொருத்தம் பார்க்கும் வேலை இல்லை என்பது நல்ல விஷயம்தான். எனக்கென்னவோ சோபாவுக்குப் பின்னால் அருவி விழுந்தால், வீட்டுக்கு வருகிறவர் எல்லாம் பழைய போட்டோ ஸ்டுடியோவில் திரைச்சீலை முன்னால் உட்கார்ந்திருப்பது போலவே தோன்றுகிறது. ஓர் இடத்தில் கிழிந்தால் ஒட்டுப்போட மீதித் துண்டும் இருக்காது.

ரோலாக வருவதில் மூன்று ஜாதி. வெறும் காகிதம் விலை குறைவு. ஆனால் பசை தடவியதும் ஊறி விரியும், ஊறவிட்டுத்தான் ஒட்ட வேண்டும், நனைந்தால் கிழியும். எண்ணெய்த் தலை சாயும் சுவருக்கு அது ஆகவே ஆகாது. காகித முதுகில் வினைல் பூசியது துடைக்கச் சுலபம். ஆனால் கழற்றும்போது மேல்தோல் மட்டும் உரிந்து, காகிதம் சுவரிலேயே நின்றுவிடும். தண்ணீர் தெளித்துச் சுரண்ட வேண்டும். மூன்றாவது நான்-ஓவன், நெய்யாத இழைத்துணி போன்ற முதுகு உள்ளது. இது ஈரத்தில் விரிவதில்லை, அதனால் பசையைப் பேப்பரில் தடவாமல் நேராகச் சுவரில் தடவி ஒட்டலாம். கழற்றும்போது காய்ந்த நிலையிலேயே முழுப் பட்டையாக உரிந்து வரும். புதிதாக ஒட்டிப் பழகுகிறவர்களுக்கு இதைவிட்டால் வேறு நான் சொல்ல மாட்டேன். எங்களுக்கு எண்ணெய்ப் பிரச்சினை இருந்ததால் நான்-ஓவன் முதுகும் வினைல் முகமும் உள்ளதை எடுத்தோம். மேலே வினைல் இருப்பதால் ஈரத்தை அடைக்கும் குணம் இதற்கும் உண்டு. காய்ந்த உள்சுவர் என்பதால்தான் துணிந்தேன்.

ரோலின் லேபிளில் சின்னச் சின்னப் படங்கள் இருக்கும், கடையில் யாரும் விளக்க மாட்டார்கள். ஒரு அலை என்றால் ஈரப் பஞ்சால் ஒற்றி எடுக்கலாம், இரண்டு அலை என்றால் துடைக்கலாம், அலையோடு பிரஷ் இருந்தால் தேய்த்தே கழுவலாம். பாதிச் சூரியன் என்றால் வெயிலுக்குச் சுமாராகத் தாங்கும், முழுச் சூரியன் நன்றாகத் தாங்கும். எதிரெதிரே பார்க்கும் இரண்டு அம்புகள் நேராக இருந்தால் பட்டைக்குப் பட்டை டிசைன் அதே உயரத்தில் பொருந்தும். ஏறி இறங்கி இருந்தால் அடுத்த பட்டையைப் பாதி தூரம் இறக்கி ஒட்ட வேண்டும். அம்புக்குப் பக்கத்தில் பூஜ்யம் போட்டிருந்தால் பொருத்தவே வேண்டாம்.

ரோல் கணக்கில்தான் பெரும்பாலும் ஏமாறுகிறோம். ஏமாற்றுகிறவர்கூட அதைத் தெரிந்து செய்வதில்லை. 53 சென்டிமீட்டர் அகலம், 10 மீட்டர் நீளம் உள்ள ரோல் ஏறக்குறைய 57 சதுர அடி. எங்கள் சுவர் 114 சதுர அடி. கால்குலேட்டரைத் தட்டிவிட்டு, "கரெக்டா ரெண்டு ரோல் சார்" என்றார் கடைப் பையன். நான் தாளில் பட்டை பட்டையாக வரைந்து பார்த்தேன். உயரம் 290 சென்டிமீட்டர், மேலும் கீழும் வெட்டுவதற்கு 10 சேர்த்தால் ஒரு பட்டைக்கு 300. பத்து மீட்டரில் மூன்று பட்டைதான் வரும், மிச்சம் துண்டு. இரண்டு ரோலில் ஆறு பட்டை, ஆறு 53 போட்டால் 318. சுவரோ 366. ஒன்றரை அடிக்கு மேல் மொட்டையாக நிற்கும். ஏழு பட்டை வேண்டும், அதாவது மூன்று ரோல்.

டிசைன் பெரிதாக இருந்தால் கணக்கு இன்னும் மாறும். நாங்கள் எடுத்ததில் 64 சென்டிமீட்டருக்கு ஒரு முறை அதே இலை திரும்ப வரும். ஒவ்வொரு பட்டையையும் ஐந்து இலைக்கு, அதாவது 320 சென்டிமீட்டருக்கு வெட்டினால்தான் பக்கத்துப் பட்டையோடு பொருந்தும். அப்படியும் மூன்று பட்டை கிடைத்தது. தள்ளுபடியில் கிடந்த இன்னொரு பூ டிசைன் 91 சென்டிமீட்டருக்கு ஒரு முறை வந்தது. அதில் ஒரு ரோலுக்கு இரண்டு பட்டைதான் தேறும், ஏழு பட்டைக்கு நான்கு ரோல். தள்ளுபடி எங்கே போயிற்று? ரோல்களை ஒரே நேரத்தில், ஒரே பேட்ச் நம்பரில் வாங்குங்கள். குறைகிறது என்று பிறகு வாங்கினால் நிறம் ஒரு சாயல் மாறியிருக்கும். எங்களுக்கு ரோல் 2,400 ரூபாய், ஒட்டுக்கூலி ரோலுக்கு 400. பெயின்டோடு ஒப்பிட்டால் பல மடங்கு, அதை மறைத்துப் பயனில்லை.

கூலி 1,200 ரூபாய்தான். ஆளை வைத்தே முடித்திருக்கலாம். படுக்கையறை அனுபவத்துக்குப் பிறகு, என் கண் முன்னால் என் கையாலேயே என்று பிடிவாதம் பிடித்தேன். மைத்துனர் உதவிக்கு வந்தார். பார்க்க வந்த மாமா, "பசைக்கு எதுக்குப்பா காசு, மைதாவைக் காய்ச்சி அதுல கொஞ்சம் மயில்துத்தம் போட்டா சினிமா போஸ்டர் மாதிரி புடிச்சுக்கும்" என்றார். போஸ்டருக்குச் சரி, அது அடுத்த வெள்ளிக்கிழமை வரை இருந்தால் போதும். வீட்டுச் சுவரில் மைதா என்பது கரப்பானுக்கும் ராமபாணப் பூச்சிக்கும் பந்தி. துத்தம் விஷம், பிள்ளைகள் கை படும் இடத்தில் அது எதற்கு? வால்பேப்பருக்கென்றே விற்கும் செல்லுலோஸ் பவுடரைத் தண்ணீரில் கலக்கி, கட்டியில்லாமல் கிளறி, பாக்கெட்டில் சொன்ன நேரம் ஊறவிட்டோம்.

ரோல் வந்த பெட்டிக்குள் குமிழி உறை சுற்றியிருந்தது. அதை மகள் ஒவ்வொன்றாக உடைத்துக்கொண்டிருந்தாள். அந்தக் குமிழி உறையே 1957-ல் அமெரிக்காவில் இரண்டு பேர் புடைப்பு வால்பேப்பர் செய்யப் போய்ப் பிறந்ததுதான். சுவருக்கு யாரும் வாங்கவில்லை, பார்சலுக்கு உலகமே வாங்கியது.

மூலையிலிருந்து ஒட்டத் தொடங்குவதுதான் எல்லோரும் செய்யும் முதல் தப்பு. எந்த மூலையும் தூக்கு சரியாக இருப்பதில்லை. கொத்தனாரிடம் தூக்குக் குண்டு இரவல் வாங்கி மேலிருந்து தொங்கவிட்டேன். ஒன்பதரை அடியில் எங்கள் மூலை ஒரு விரல் அகலம் சாய்ந்திருந்தது. பத்து வருடமாக அந்த மூலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், ஒரு நாளும் தெரிந்ததில்லை. மூலையிலிருந்து 51 சென்டிமீட்டர் தள்ளி, குண்டின் நூலையொட்டிப் பென்சில் கோடு. முதல் பட்டையை அந்தக் கோட்டுக்குப் பிடித்தால், மூலைப் பக்கம் வரும் மிச்சத்தைச் சாய்வுக்கு ஏற்ப வெட்டிக்கொள்ளலாம்.

ஃபேனை நிறுத்த வேண்டும். காற்றில் பசை சீக்கிரம் காய்ந்தால் இணைப்பு விரிந்துவிடும். ஜன்னலும் சாத்தியாகிவிட்டது. மாசி மாதம்தான், ஆனாலும் இரண்டாவது பட்டைக்கே இருவரும் பனியனோடு நின்றோம். ஏணி மேல் நான், கீழே மைத்துனர். மேலே ஐந்து சென்டிமீட்டர் கூடுதலாக விட்டுப் பட்டையைப் பொருத்தி, நடுவிலிருந்து ஓரத்துக்குப் பிளாஸ்டிக் தகட்டால் நீவினால் காற்று வெளியேறும். ஓரத்திலிருந்து நடுவுக்கு நீவினால் காற்று உள்ளேயே மாட்டிக்கொள்ளும். பட்டைகள் ஒன்றையொன்று முட்ட வேண்டும், மேலே ஏறக் கூடாது. பேப்பரின் முகத்தில் பட்ட பசையை அப்போதே ஈரப் பஞ்சால் துடைக்க வேண்டும். காய்ந்தால் நத்தை போன வழி மாதிரி மினுங்கும். கட்டர் பிளேடை இரண்டு வெட்டுக்கு ஒரு முறை உடைத்துப் புது முனைக்கு வாருங்கள். மழுங்கிய முனை ஈரப் பேப்பரை வெட்டாது, பிய்த்துவிடும். நான் கஞ்சத்தனம் பார்த்ததன் அடையாளம் ஸ்கர்டிங்குக்கு மேலே ஒரு முழ நீளத்துக்கு இன்னும் இருக்கிறது. நல்லவேளை, சோபா மறைக்கிறது.

சுவிட்ச் போர்டு வந்த இடத்தில் மெயினை அணைத்து, மேல்தட்டைக் கழற்றி, பேப்பரை மேலாக ஒட்டி, குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, ஓரத்தைத் தட்டுக்குள் மடித்தோம். பசை காயும் வரை மெயினைப் போடவில்லை. அன்று இரவு மொட்டை மாடியில் சாப்பாடு. ஆள் மூன்று மணி நேரத்தில் செய்த வேலைக்கு எங்களுக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை ஆனது.

இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது, ஓரம் எதுவும் எழும்பவில்லை. படுக்கையறை வடக்குச் சுவருக்கு வெளிப்பக்க விரிசலை அடைத்து, உள்ளே மனைவி சொன்ன பெயின்டையே அடித்துவிட்டோம். எண்ணெய்க் கறை வரத்தான் செய்கிறது, ஈரத் துணியால் துடைத்தால் போய்விடுகிறது. மூன்று ரோலில் மிஞ்சிய இரண்டு முழுப் பட்டைகளைச் சுருட்டி, பேட்ச் நம்பரை எழுதிப் பரணில் வைத்திருந்தேன். போன மாதம் சோபாவை நகர்த்தும்போது அதன் மூலை ஓர் இடத்தில் கிழித்துவிட்டது. பரணிலிருந்து எடுத்து, இலைக்கு இலை பார்த்து ஓர் உள்ளங்கை அளவு வெட்டி ஒட்டினேன். பாதிச் சூரியன் போட்ட ரோல் அது. சுவரில் இருந்த பச்சை ஜன்னல் வெளிச்சத்தில் கொஞ்சம் வெளுத்திருக்கிறது போல, ஒட்டின இடத்தில் ஒரே ஓர் இலை மட்டும் இப்போது புதுசாக நிற்கிறது.